ஐவிஎஃப் ஊசிகளால் கருமுட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகுமா?

"ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து முட்டைகளை எடுத்துவிட்டால் மாதவிடாய் சீக்கிரம் நின்றுவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. இந்தப் பயத்தாலேயே ஐவிஎஃப் (முட்டையை எடுத்து உடலுக்கு வெளியே கருவாக்கும்) சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல நுண்ணறைகள், அதாவது முட்டையைத் தாங்கிய சிறு பைகள், ஒன்றாக வளரத் தொடங்கும். அவற்றை வளர்ப்பது பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன். சில நாட்களில் அதன் அளவு இறங்கும். முந்திக்கொண்ட ஒன்று மட்டும் தாக்குப்பிடிக்கும், மற்றவை வாடி அழியும். அந்த அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊசி. அதாவது, எப்படியும் அந்த மாதம் வீணாகப் போகவிருந்த முட்டைகளைத்தான் காப்பாற்றுகிறோம். அடுத்த வருடத்து இருப்பில் கை வைப்பதில்லை.

பெரும்பாலும் 8 முதல் 14 நாள் ஊசி. நடுவில், முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க இன்னொரு மருந்து. அப்புறம் முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசி. அதிலிருந்து 34–36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். அந்த ஊசியைச் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போட்டுவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது சினைப்பை மிகைத்தூண்டலுக்குத்தான், அதாவது ஊசிகளுக்குச் சினைப்பை அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதற்கு. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம். வயிறு உப்பி, எடை சட்டென்று ஏறி, மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.