கேம் டெவலப்பர்கள் ஏன் பிளேயர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை? அவ்வளவு திமிரா?

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு கேமில் பக் (கோளாறு) இருக்கிறது என்று ரிப்போர்ட் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறீர்கள், ஒரு வரி பதில்கூட வரவில்லை என்று தெரிகிறது. கோபம் புரிகிறது. ஆனால் திமிர் என்று சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். பதில் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் வாயைத் திறப்பதில்லை.

பெங்களூரில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் மல்டிபிளேயர் (பல பேர் நெட்டில் சேர்ந்து ஆடும் பகுதி) கோடு எழுதிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். பிளேயர்கள் பேசிக்கொள்ளும் எங்கள் டிஸ்கார்ட் சாட் குரூப்பில் எந்நேரமும் லேக் பற்றித்தான், அதாவது கேம் தாமதமாக நகர்வது பற்றித்தான், புகார். சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. சென்னையிலிருந்து அங்கே கடலடிக் கேபிள் நேராகப் போவதால் நம்மூர்ப் பசங்களுக்குப் பரவாயில்லை. டெல்லி, லக்னோ பக்கம் ஆடுகிறவர்களுக்குத்தான் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எகிறும், பாவம். பிளேயர்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் கம்யூனிட்டி மேனேஜரே வந்து, "நீங்களே விளக்கிடுங்க, டெவலப்பர் சொன்னா நம்புவாங்க" என்றார். விளக்கினேன். மும்பை சர்வரை டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறோம், வருமா, எப்போது வரும் என்பது என் கையில் இல்லை என்று தெளிவாக எழுதினேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் முதல் பாதியை மட்டும் வெட்டி, "அடுத்த அப்டேட்ல மும்பை சர்வர், டெவலப்பரே சொல்லிட்டார் ப்ரோ" என்று யூடியூபில் வீடியோ போட்டார்கள். அப்புறம் செலவு கட்டுப்படியாகாது என்று மேலிடத்தில் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. திட்டு மட்டும் எனக்கு வந்தது. லிங்க்ட்இன்னில் தேடிப்பிடித்தார்கள், என் மனைவியின் இன்ஸ்டாகிராமுக்குப் போய் அசிங்கமாக எழுதினார்கள். "பேசச் சொன்னது நாங்கள்தான்" என்று ஆபீஸில் ஒருத்தரும் ஒரு வரி போடவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை, இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

பெரிய கம்பெனியில் இருந்தாலும் இதே கதைதான். 2013-ல் கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2-ல் டிஎஸ்ஆர் 50 என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி சுடும் நேரத்தை 0.2 நொடியிலிருந்து 0.4 நொடியாக மாற்றினார்கள். இதற்காக, அந்த கேமைச் செய்த ட்ரேயார்க்கில் டிசைன் பொறுப்பில் இருந்த டேவிட் வாண்டர்ஹாருக்குக் கொலை மிரட்டல்! 2016-ல் நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்கே, அதைச் செய்த ஹெலோ கேம்ஸின் தலைவர் ஷான் மர்ரிக்கு மிரட்டல் வந்தது. ரிலீஸானபோது அவர் பேட்டிகளில் சொன்ன பல விஷயங்கள் கேமில் இல்லை, அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதன்பிறகு ஹெலோ கேம்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தது. நவம்பரில் ஃபவுண்டேஷன் அப்டேட், 2018-ல் நெக்ஸ்ட் அப்டேட்டில் ஒழுங்கான மல்டிபிளேயர், எல்லாமே இலவசம். திட்டின ஆட்களே திரும்பி வந்து ஆடினார்கள். இதைப் பார்த்த எந்த டெவலப்பர் முன்கூட்டி வாய் திறப்பார், சொல்லுங்கள்?

"காசு கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாதா" என்று கமெண்டில் வருவீர்கள். தாராளமாகக் கேளுங்கள். கேமைத் திட்டுங்கள், ஒரு ஸ்டார் போடுங்கள், ரீஃபண்ட் வாங்குங்கள். வீட்டு ஆட்களைத் தேடிப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்த பக்கைத் திரும்ப வரவைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் கான்ட்ராக்டில் இருக்கும் க்யூஏ டெஸ்டர், அதாவது கேமை ஆடிப்பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பவர். ரிலீஸுக்கு முன்பே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டால் பல இடங்களில் கிரெடிட்ஸில் (கேமைச் செய்தவர்கள் பட்டியலில்) பெயர்கூடப் போட மாட்டார்கள். எங்கள் லேக் பிரச்சினை எந்தெந்த ஊரில் எந்த நேரத்தில் வருகிறது என்று ராத்திரி உட்கார்ந்து பட்டியல் எடுத்த பையனுக்கு அதுதான் நடந்தது. அவனைப் பற்றிக் கேட்டு யாரும் கமெண்ட் போடுவதில்லை.

சரி, உங்கள் பக் விஷயம். போன் மாடல், ஆப் வெர்ஷன், வைஃபையா மொபைல் டேட்டாவா, எதைச் செய்தபோது வந்தது, இதெல்லாம் எழுதி ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் டெஸ்டர் கைக்குப் போக அப்படி விவரமாக எழுதின ரிப்போர்ட்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.