ராணுவ வீரரின் உடல் ஊருக்கு வருகிறது. தேசியக்கொடியை எப்படிப் போர்த்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும்?

காவி தலைமாட்டில், பச்சை கால்மாட்டில். கொடி விதித்தொகுப்பு 2002 சொல்வது இதைத்தான். கொடி பெரும்பாலும் படைப்பிரிவினரோடு, பெட்டியின் மேலேயே வந்துவிடும். முகம் பார்க்க வீட்டில் பெட்டியைத் திறந்து, மறுபடி மூடிப் போர்த்தும்போதுதான் தவறு நடக்கிறது. திறப்பதற்கு முன்பே தலைப்பக்கம் எது என்று கேட்டு, பெட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கடையில் கொடி வாங்க வேண்டி வந்தால் அளவைப் பாருங்கள். ‘ஆறுக்கு நாலு’ என்று கேட்டால் 1800×1200 மி.மீ. கொடி தருவார்கள். காவி தலைமாட்டில் வர வேண்டுமானால் நிறப்பட்டைகள் பெட்டிக்குக் குறுக்கே போக வேண்டும். அப்போது கொடியின் 1200 மி.மீ. பக்கம்தான் நீளவாக்கில் வரும். ஆறரை அடிப் பெட்டியில் நாலு அடிதான் மூடும். மூடவில்லையே என்று திருப்பிப் போடுவார்கள், காவி தோள் பக்கமாகப் போய்விடும். வேண்டியது 2700×1800 மி.மீ., அதாவது ‘ஒன்பதுக்கு ஆறு’ அடி. ஆனால் இரண்டடி அகலப் பெட்டியில் இது இருபுறமும் சுமார் மூன்றரை அடி தொங்கும். கொடி தரையில் படக் கூடாது. ஒன்றரை அடி பெஞ்சில் வைத்தால் நிச்சயம் படும். இரண்டரை அடி உயர மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். காற்றுக்கு ஆணி, குண்டூசி அடிக்காதீர்கள். சேதமாகும்படி கொடியைப் பொருத்துவது விதிமீறல். வண்டியின் மேலோ பக்கவாட்டிலோ கொடியைப் போர்த்துவதும் அப்படித்தான்.

மலர்வளையங்களைக் கால்மாட்டில் சாய்த்து வையுங்கள். ஈர மாலையைக் கொடிமேல் போட்டால் கறை பிடிக்கும், அந்தக் கொடிதான் பிறகு வீட்டுக்கு வரப்போகிறது.

மயானத்தில் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து வீரர்கள் நிற்பார்கள்; பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற இறுதி விடை இசை, மௌனம், வெற்றுத் தோட்டாக்களால் மூன்று முறை வேட்டு. பத்திரிகை எழுதும் ‘21 குண்டுகள்’ ஏழு துப்பாக்கி மூன்று முறை சுட்ட கணக்கு. எட்டுப் பேர் சுட்டால் 24. எண்ணிக்கை குறைந்ததென்று மரியாதை குறைந்ததாகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

கொடி குழிக்குள் இறங்கக் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் எல்லாம் கொடியை எடுத்த பிறகுதான். இந்த வரிசையை ஊர்ப் பெரியவர்களும் படை அதிகாரியும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் மயானத்தில் தள்ளுமுள்ளு வராது.

மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்கி, பிறகு வெள்ளையை இருபுறமும் உள்ளே மடித்தால் சக்கரமும் இரு நிறங்களின் ஓரமும் மட்டும் தெரியும். அதை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுப்பார்கள். யார் வாங்குவது என்பதைக் குடும்பம் முதல்நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. இளம் மனைவியும் தாயும் பக்கத்தில் நிற்கிற அந்த நேரத்தில் அதிகாரி யாரிடம் நீட்டுவது என்று தயங்கும்படி விடாதீர்கள்.

ஓய்வுபெற்று வீட்டில் இறந்தவருக்கு, அரசு அல்லது படை மரியாதை ஏற்பாடாகாத நிலையில், குடும்பமே கொடி போர்த்துவது கூடாது. 1971 தேசிய கௌரவச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. அவருடைய ரெஜிமெண்ட் தொப்பியையும் பதக்கங்களையும் படத்தின் முன் வைக்கத் தடையில்லை.