பேட்டரி இல்லாமல் வண்டி கட்டுவோருக்குச் சில ஒயரிங் பதில்கள்

பழைய வண்டியைப் பிரித்துத் தன் விருப்பப்படி கட்டுகிறவர்கள் முதலில் கழற்ற நினைப்பது பேட்டரியையும் அதைச் சுற்றியுள்ள ஒயர்க் கூட்டத்தையும்தான். அது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் கொஞ்சமாக வந்தாலும் தொட்டி சமாளிக்கும், கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் தாங்கிக்கொள்ளும். தொட்டியை எடுத்துவிட்டால் அந்த இரண்டு வேலையையும் வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கை கஃபே ரேசராக (பழைய ரேஸ் பாணி வண்டியாக) மாற்றுகிறேன். பேட்டரியை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகுமா?

தாராளமாக ஆகும். இந்த வண்டியில் பொறியை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி சி.டி.ஐ. அதற்கு மேக்னட்டுக்குள் (என்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) இருக்கும் தனி காயிலே மின்சாரம் தருகிறது. பிளக்கில் பொறி வருவதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஹெட்லைட்டும் லைட்டிங் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) எரிகிறது. பேட்டரியை நம்பியிருப்பது ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் போன்றவைதான்.

இங்கே பலர் சறுக்கும் இடம் சாவி சுவிட்ச். பேட்டரி இக்னிஷன் வண்டியில் சாவியை ஆஃப் செய்தால் மின்சாரம் துண்டிக்கப்படும். மேக்னட் சி.டி.ஐ. வண்டியில் அப்படியே தலைகீழ்: ஆஃப் செய்யும்போது ஒரு ஒயர் எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் உடலோடு இணைகிறது, அதனால் என்ஜின் நிற்கிறது. தேவையில்லை என்று அந்த ஒயரை வெட்டிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நிற்காது. ஒயரிங்கைக் குறைக்கும்போது அந்த ஒயரை முதலில் அடையாளம் கண்டு தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள்.

பாயின்ட்ஸ் உள்ள பழைய புல்லட்டிலும் இதையே செய்யலாமா?

வேண்டாம். அதில் இக்னிஷன் காயிலுக்கே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம். அதைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் சுவிட்ச்தான் பாயின்ட்ஸ். பேட்டரி இல்லாமல் கிக்கரை உதைத்தால் பொறி வராது. 1960களில் லூகாஸ் நிறுவனம் இதற்கென்றே 2எம்.சி. என்ற கெபாசிட்டரை (மின்சாரத்தைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் உறுப்பு) தந்தது. நீல நிற உருளை, ஒரு சுருள் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. வண்டிகள் அதை வைத்துக்கொண்டு பேட்டரி இல்லாமலே உதைத்துக் கிளம்பின. ஆனால் அதற்கு ஆல்டர்னேட்டர், காயில், பாயின்ட்ஸ் மூன்றும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நம் ஊரில் நாற்பது வருடம் ஓடிய புல்லட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. 12 வோல்ட் வண்டி என்றால் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை சீட்டுக்கு அடியில் ஒளித்து வையுங்கள். அப்புறம், எஃப்.ஐ. (பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும்) வண்டி வைத்திருப்பவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம். பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கே பேட்டரி வேண்டும்.

எல்.இ.டி. ஹெட்லைட் போட்டேன். ஐடிலில் துடிக்கிறது, வேகம் எடுத்தால் சரியாகிறது. கெபாசிட்டர் போட்டும் முழுதாகப் போகவில்லை.

உங்கள் லைட்டிங் காயிலின் ஒரு முனை மேக்னட் பிளேட்டிலேயே எர்த் ஆகியிருக்கும். அந்த நிலையில் ரெக்டிஃபையர் (ஏ.சி.யை ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்குவது) போட்டால் ஏ.சி. அலையில் பாதிதான் கிடைக்கும், மறு பாதி வீண். ஹாலோஜன் பல்பின் இழை சூட்டில் தொடர்ந்து ஒளிர்வதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. ஒவ்வொரு இடைவெளியிலும் அணைந்து எரியும்.

கணக்காகப் பார்க்கலாம். ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று, காந்தத்தில் 4 முனை என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 40 அலை. பாதி அலை மட்டும் கிடைத்தால் இரண்டு துடிப்புக்கு நடுவே 25 மில்லி விநாடி இடைவெளி, முழு அலையும் கிடைத்தால் 12.5. 24 வாட் எல்.இ.டி. இழுப்பது 2 ஆம்பியர். 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் முழு அலையிலேயே அந்த இடைவெளியில் 5 வோல்ட்டுக்கு மேல் சரியும், பாதி அலையில் தாங்கவே தாங்காது. 22,000 மைக்ரோஃபாரட் போட்டால் முழு அலையில் சரிவு ஏறக்குறைய 1 வோல்ட்தான். கண்ணுக்கு அது தெரியாது.

அதனால் முழு அலையும் கிடைக்க லைட்டிங் காயிலின் எர்த்தை எடுத்துவிடுங்கள். மேக்னட்டைப் புல்லர் வைத்துக் கழற்ற வேண்டும், சுத்தியலால் தட்டினால் கிராங்க் கெட்டுவிடும். பிளேட்டில் சால்டர் செய்திருக்கும் லைட்டிங் காயில் முனையை எடுத்து, சூடு தாங்கும் தனி ஒயரில் வெளியே கொண்டுவாருங்கள். சி.டி.ஐ. காயிலின் எர்த் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் லைட்டிங் காயிலின் நடுவில் இன்னொரு ஒயர் கிளம்பும். அதை இன்சுலேட் செய்து விட்டுவிடலாம். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள்: லைட்டிங் காயிலின் இரண்டு முனை ஒயருக்கும் என்ஜின் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

இரண்டு ஒயரையும் முழு அலை ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரில் (வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர்) கொடுத்து, அதன் டி.சி. முனைகளில் 35 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் கெபாசிட்டரை இணையுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், இருமுறை பாருங்கள். சிலிண்டர் சூடு படாத இடத்தில் ரப்பர் சுற்றிக் கட்டுங்கள். இதற்குப் பிறகு வண்டியில் ஏ.சி. விளக்கு எதுவும் இருக்கக் கூடாது, எல்லாமே டி.சி. பழைய ஏ.சி. ரெகுலேட்டரையும் எடுத்துவிட வேண்டும். பாதி அது, பாதி இது என்று விட்டவர்களின் ரெக்டிஃபையர்தான் முதலில் புகைகிறது.

ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பல்பு எல்லாம் ஃபியூஸ் ஆகிறது. ரெகுலேட்டர் புதுசு.

பவுடர் கோட்டிங் செய்த ஃபிரேமில் அதைப் பொருத்தியிருக்கிறீர்களா? அப்படியென்றால் போல்ட் மூலம் எர்த் கிடைக்காது. பல ரெகுலேட்டர்களுக்கு அதன் உடலே எர்த். தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்து என்ஜின் போல்ட்டில் சேருங்கள், அல்லது பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பிறகு 5,000 சுற்றில் ஹெட்லைட் ஒயரில் வோல்ட் பார்த்தால் 14.5-ஐத் தாண்டக் கூடாது.

இண்டிகேட்டர் எல்.இ.டி. ஆக்கினேன். மின்னாமல் எரிந்தபடியே நிற்கிறது.

இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் வேலை செய்வது. எல்.இ.டி. இழுப்பது அதற்குப் போதாது. எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

எந்த ஒயர் வாங்குவது?

ஹெட்லைட்டுக்கும் மெயின் லைனுக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம்., பின் விளக்கு, இண்டிகேட்டருக்கு 0.75 போதும். பழைய 35 வாட் பல்பே இழுப்பது 3 ஆம்பியர்தான். மின்சாரம் வீணாவது ஒயரில் இல்லை, துருப்பிடித்த எர்த்தில். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், அங்கேதான் ஒயர் அறுகிறது.

ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். பிரேக் லைட்டையோ இண்டிகேட்டரையோ எடுத்துவிட்டு ஓட்டுவதை நான் எந்த வண்டிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேட்டரி இல்லாத வண்டியில் இரவில் போவது ஆபத்தா?

என்ஜின் நின்றால் எல்லா விளக்கும் நின்றுவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை திண்டுக்கல் ரோட்டில் இரவு பத்து மணிக்கு பெட்ரோல் தீர்ந்து என் வண்டி நின்றது. அந்த நொடியே முன்னும் பின்னும் இருட்டு. பின்னால் வந்த லாரிக்கு நான் இருப்பதே தெரியவில்லை, ஹாரனும் அடிக்க முடியாது. வண்டியை மண் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நின்றபோது கை நடுங்கியது.

அன்றிலிருந்து என் வண்டிகளில் சைக்கிளுக்கு விற்கும் ரீசார்ஜ் சிவப்பு விளக்கு ஒன்றை நம்பர் பிளேட்டுக்குக் கீழே பொருத்திவிடுகிறேன். அதற்கு வண்டி ஒயரிங்கோடு தொடர்பே இல்லை, இரவில் கிளம்பும்போதே ஆன் செய்துவிடுவேன். மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். இரவில் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால், மேலே சொன்ன சின்ன பேட்டரியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைதான் கூடும்.