ஸ்கேன் ரிப்போர்ட்டில் புள்ளி, கட்டி, சுருக்கம்: எதற்குப் பயப்பட வேண்டும்?

அப்பாவுக்கு 72 வயது. தலைசுற்றலுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'சிறு ரத்தக்குழாய் இஸ்கீமிக் மாற்றம், ஃபசேகாஸ் கிரேடு 2' என்று எழுதியிருக்கிறார்கள். தெரியாமலேயே பக்கவாதம் வந்து போய்விட்டதா?

இந்த வரிக்கு அந்த அர்த்தம் இல்லை. பழைய பக்கவாதத்தின் தழும்பு இருந்தால் 'லாக்யூன்' அல்லது 'இன்ஃபார்க்ட்' என்று தனியாகக் குறித்திருப்பார்கள். மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் வயதாலும், வருடக்கணக்கில் ஏறிக் கிடந்த பிரஷராலும் தடித்துப்போயிருக்கின்றன. அதன் தடயம்தான் படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள். இந்தப் புள்ளிகள் எவ்வளவு என்று சொல்லும் அளவுகோல்தான் ஃபசேகாஸ். தனித்தனிப் புள்ளிகள் என்றால் கிரேடு 1. அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2. பெரிய திட்டுகளாகப் பரவிவிட்டால் 3.

எழுபதைத் தாண்டியவருக்கு கிரேடு 1 இருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிரேடு 2-ஐ 'வயசானா இப்படித்தான்' என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் பிரஷரை 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட இந்தப் புள்ளிகள் மெதுவாகவே வளர்ந்தன. அப்பாவுக்கு எந்த அளவு சரி என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது சட்டென்று இறங்கினால், மாத்திரையைக் கூட்டுவது அவரைக் கீழே தள்ளிவிடும். ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று: படுக்கையில் புரண்டு படுக்கும்போது அறையே சுற்றுகிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், கோளாறு பெரும்பாலும் உள்காதில். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். புள்ளியைப் பார்த்த பதற்றத்தில், எதற்காக ஸ்கேன் எடுத்தோம் என்பதே பல வீடுகளில் மறந்துபோகிறது.

அம்மாவுக்கு 68. தலையில் 1.4 செ.மீ. மெனிஞ்சியோமா. 'ட்யூமர்' என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போதைக்கு மறைத்து வைத்திருக்கிறோம்.

சொல்லிவிடுங்கள். கூடத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவது அவருக்கும் கேட்கும். மனதுக்குள் இதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்.

இது மூளைக்குள் முளைத்தது அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வளர்வது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், சராசரி வயது 63 உள்ள 2000 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். 0.9 சதவீதம் பேருக்கு, அதாவது 18 பேருக்கு, இந்தக் கட்டி இருந்தது. தொந்தரவு எதுவும் தராத சின்னக் கட்டி என்றால் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மறுபடி படம் எடுத்து அளவை ஒப்பிடுவோம். அதனால் முதல் படத்தின் சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள். ஹார்மோன் மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை மங்கல் என்று ஏதாவது தென்பட்டால் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்றால் மறதி நோயா? எனக்கு 76.

இல்லை. அறுபதுக்கு மேல் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத்தான் செய்கிறது. கணக்கு வழக்கில் தடுமாற்றம், பழகிய தெருவில் வழி தவறுவது போன்றவை இருந்தால் மட்டும் வாருங்கள்.

பாட்டி ஒரு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்று ஒன்றுமில்லை. இப்போது நாலு நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார், நடை தள்ளாடுகிறது. வயது 81 என்பதால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன சுருக்கத்தால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடி, அங்குள்ள மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் ஒன்று அறுந்து, வாரக்கணக்கில் ரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்தும். சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிடலாம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் அதன் பிறகு எழுந்து நடந்திருக்கிறார்கள். இன்றே அழைத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.