பூதப் படைக்கு யார் சோறு போடுவது?

கேள்வி: ஒரு மாயாஜாலக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வடக்கு மலையிலிருந்து 10,000 அரக்கர்கள் இறங்கி வந்து, ஆற்றோரத்து அரசு ஒன்றை மூன்று மாதம் முற்றுகையிடுகிறார்கள். வாசித்துப் பார்த்த என் அண்ணன், "மூன்று மாசமும் இவங்கள் என்னத்தத் தின்னுவாங்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதோடு எழுத்து நின்றுபோச்சு. கதையில் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா?
(பல்கலைக்கழக மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள் தங்கச்சி. உங்கள் கதைக்கு அவர் நல்லதுதான் செய்திருக்கிறார்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பழைய காலத்துப் போர்வீரன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.5 கிலோ தானியம் வேண்டும். உங்கள் அரக்கன் மனிதனைப் போல மூன்று மடங்கு எடை என்று வையுங்கள். மூன்று மடங்கு எடைக்கு மூன்று மடங்கு சாப்பாடு தேவையில்லை. உடம்பு பெருக்கப் பெருக்க ஒரு கிலோ உடம்புக்குத் தேவைப்படும் தீனி குறைந்துகொண்டே போகும், அது உயிரியல் விதி. ஆகவே இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே, ஒரு 3.5 கிலோ. பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 35,000 கிலோ அரிசி. உரமும் புதுவிதை நெல்லும் இல்லாத காலத்து வயல், ஏக்கருக்கு 1,000 கிலோ நெல் என்று தாராளமாகவே வைப்போம். குற்றினால் 650 கிலோ அரிசி. அதில் பாதி விதைக்கும் விவசாயி வீட்டு உலைக்கும் போக, வெளியே எடுக்கக்கூடியது 325 கிலோ. அப்படியென்றால் உங்கள் படை ஒவ்வொரு நாளும் 100 ஏக்கருக்கு மேல் விழுங்கும். மூன்று மாதத்தில் பத்தாயிரம் ஏக்கர் போய்விடும். களுவாஞ்சிகுடியில் இருப்பவருக்குப் பத்தாயிரம் ஏக்கர் வயல் என்றால் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை, வாவியைக் கடந்து படுவான்கரைப் பக்கம் போய் நின்று பார்த்தாலே தெரியும்.

சரி, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வரலாமே என்பீர்கள். மாட்டுவண்டி ஒன்றில் 500 கிலோ ஏற்றுகிறீர்கள். வழியில் புல் இல்லையென்றால் ஒரு சோடி மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ தீனி. பத்து நாள் போய்ப் பத்து நாள் திரும்பி வர 400 கிலோ மாட்டுக்கே சரி, வண்டிக்காரனும் பட்டினி கிடக்க மாட்டான். படைக்குப் போய்ச் சேருவது கைப்பிடி அரிசிதான். தரைவழியே தூரத்திலிருந்து ஒரு பெரும் படைக்குச் சோறு போடுவது பழைய உலகில் ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால்தான் பழைய படைகள் ஆற்றையும் கடலையும் ஒட்டியே போயின, ஓடத்துக்குத் தீனி தேவையில்லை பாருங்கள். முகலாயர் படைக்கும் தக்காணத்துப் படைகளுக்கும் தானியம் கொண்டுபோனவர்கள் லம்பாடி என்று நாம் சொல்லும் வணஜாரா மக்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை வழிநெடுக மேயவிட்டபடியே நடத்திப்போய் வியாபாரம் பண்ணினார்கள். உங்கள் அரக்கருக்கும் அப்படி ஒரு கூட்டம் தேவை. அவர்கள் அரக்கர்களாக இருக்க வேண்டியதில்லை. காசுக்காக அரக்கனுக்கு நெல் விற்கும் மனிதர்கள் என்றால் கதை இன்னும் சூடாகும் என்பது என் எண்ணம்.

அப்புறம் நாள் பார்க்க வேண்டும். நம்முடைய பகுதியையே எடுங்கள். பெரும்போகம் மாரி மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது. கார்த்திகை, மார்கழியில் வருகிற படைக்குப் பச்சைப் பயிரும் வெள்ளமும்தான் மிஞ்சும், பாதி வழியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அறிவுள்ள அரக்கத் தளபதி சூடு அடித்து, அதாவது வெட்டிய கதிரிலிருந்து நெல்லைப் பிரித்து, முடியும்வரை மலையிலேயே குந்திக்கொண்டிருப்பான். நெல் சூட்டுக்களத்தில் குவிந்து கிடக்கும் அந்த ஒரு சில கிழமைகள்தான் அவனுக்குப் போர்க்காலம். இது நம்முடைய ஆட்களுக்குப் புதிதும் இல்லை. மட்டக்களப்புச் சூட்டுக்களத்தில் வழக்கமான சொற்களை வாயில் எடுக்கமாட்டார்கள், பொருட்களுக்கெல்லாம் வேறு பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். காதில் விழுந்தால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். பூதம் எந்த நாளில், எந்த இடத்துக்கு வரும் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

முற்றுகையைப் பற்றி ஒரு சொல். அள்ளித் தின்னும் படை ஒரே இடத்தில் நிற்க முடியாது. ஒரு சதுர கிலோமீற்றர் அளவான வெட்டுக்கிளிக் கூட்டம் 35,000 மனிதருக்குப் போதுமான உணவை ஒரே நாளில் தின்றுவிடுமாம். அதனால்தான் அது பறந்துகொண்டே இருக்கிறது. மூன்று மாதம் ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் உங்கள் அரக்கருக்கு ஓடத்துறை ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு முதலே வெளியில் நிற்பவர்கள் பட்டினியில் விழுவார்கள்.

கேள்வி: அரக்கர்கள் ஏன் சோறு தின்ன வேண்டும்? மனிதரையும் மாட்டையும் தின்றால் கதை முடிந்ததே!
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: முடியாது, அங்கேதான் தொடங்கும். ஒரு புலி வருடத்துக்கு மான் அளவிலான மிருகங்கள் ஏறக்குறைய 50 அடிக்கும். அந்த 50 வருடா வருடம் கிடைக்க வேண்டுமென்றால், காட்டில் குட்டி போட்டுப் பெருகிக்கொண்டு ஒரு 500 நிற்க வேண்டும். ஆயிரம் புலிக்குச் சமனான படை என்றால் ஐந்து லட்சம் மான். அதற்கெல்லாம் புல்லுக்கு எங்கே போவது? நம்முடைய பால்மாடு வைத்திருப்பவர்கள் பெரும்போகக் காலத்தில் மாட்டை மேய்ச்சல் தரைக்குக் கலைத்துக்கொண்டு போகப் படுகிற பாட்டைப் பார்த்தால், அரக்க ராசாவுக்கும் மயிலத்தமடு மேய்ச்சல் தரை மாதிரி ஒரு பிரச்சினை கட்டாயம் இருக்கும். இறைச்சி தின்னும் படைக்குச் சோறு தின்னும் படையைவிடப் பல மடங்கு நிலம் வேண்டும்.

பிணத்தைத் தின்னலாம் என்பது நம் புலவர்களுக்கும் தோன்றியதுதான். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசி தாங்காமல் காளியிடம் முறையிடும். போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் அடும். அதற்கு முதல் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்ளும்! அவ்வளவு விலாவாரியாகப் பாடிய சயங்கொண்டாருக்கும் ஒன்று தெரிந்திருக்கிறது. அடுத்த போர் வரும்வரை பேய்க்குச் சோறு இல்லை, காய்ந்து கருகிக்கொண்டுதான் கிடக்கும். போர் நடக்கும் நாட்கள் வருடத்தில் சில. வயிறு தினமும் கேட்கும்.

இறைச்சிதான் தின்ன வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறீர்களென்றால் முதலையைப் பாருங்கள். நம்முடைய குளங்களிலும் வாவியிலும் கிடக்கும் அதே முதலைதான். ஊர்வன தன் உடம்புச் சூட்டுக்காகத் தீனியை எரிப்பதில்லை. அதே எடையுள்ள பாலூட்டி தின்பதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் காலம் தள்ளிவிடும். பெரிய முதலை மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடக்கும். ஒரு படைத்தளபதி இதைவிட வேறு என்ன கேட்பான்? குளத்தில் இறக்கிவிட்டு ஆறு மாதம் மறந்துபோகலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெயிலில் காயாவிட்டால் அது சுறுசுறுப்பாகாது. முதற்பாய்ச்சல் மின்னல்தான், கொஞ்ச நேரம் போராடினாலே களைத்துச் சோர்ந்துவிடும், திரும்பப் பலம் வர மணிக்கணக்காகும். முதலை அரக்கன் விடியற்காலையில் சண்டைக்கு வரமாட்டான், மார்கழி மூடலில் வரமாட்டான், ஐம்பது மைல் நடந்தும் வரமாட்டான். முதல் அடியைத் தாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்கக்கூடிய மனிதர்கள் அவனை வெல்லலாம். தீனி மிச்சம் பிடிக்கப்போய் வந்த பலவீனத்தை எதிரி கண்டுபிடிக்கிறான் பாருங்கள், கதையில் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மந்திரத்தால் சோறு வரவழைத்தால் என்ன? அல்லது போர் இல்லாத காலத்தில் எல்லாரையும் தூங்க வைத்தால்?
(பாடசாலை மாணவன், வாழைச்சேனை)

பதில்: தூங்க வைப்பது நல்ல யோசனை தம்பி. கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்குவதை நாம் சாபமாகவே பார்க்கிறோம். இலங்கையின் சமையல்கட்டுப் பக்கமிருந்து பார்த்தால் அது பெரிய நிம்மதி. ஒரே ஒரு சிக்கல், எழும்பினவுடன் மலைமலையாய்ச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். பத்தாயிரம் கும்பகர்ணர்களை ஒரே காலையில் எழுப்பினால் உன் அரசனைத்தான் முதலில் தின்பார்கள். அணி அணியாக எழுப்பு.

மந்திரச் சோறு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதற்கு ஒரு கணக்கு வை. ஒரு சட்டி சோற்றுக்கு மந்திரவாதியின் ஆயுளில் ஒரு நாள் குறைகிறது என்றாவது சொல். சும்மா வருகிற சோறு இருந்தால் அந்த மந்திரவாதிக்குப் படையெடுக்கவே தேவையில்லை, சோற்றைக் கொடுத்தே உலகத்தை வாங்கிவிடுவான்.

கேள்வி: எங்கள் பக்கம் யானை வயலுக்குள் இறங்குவது வழக்கம். யானை மாதிரிப் பெரிய பூதங்கள் ஒரு ஐந்நூறை வைத்துக் கதை எழுதலாமா? தொகை குறைவு, செலவும் குறைவுதானே?
(விவசாயி, அம்பாறை)

பதில்: ஐயா, நீங்கள் யானையோடு வாழ்கிறவர், எனக்குச் சொல்லித்தர வேண்டியவரே நீங்கள்தான். வளர்ந்த யானை ஒன்று நாளுக்கு 150 கிலோ வரை பச்சை தின்னும், 100 லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்று வயல் வட்டையில் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். ஐந்நூறுக்கு 75 டொன் பச்சை. காடு பக்கத்தில் இருந்தால் கொடுக்கலாம். நெல்லைவிட மலிவுதான், மனிதர் தின்னாத கொப்பும் பட்டையும் அதற்குப் போதும்.

சிக்கல் தீனியில் இல்லை, குட்டியில் இருக்கிறது. யானை ஏறக்குறைய 22 மாதம் சுமந்து ஒரு கன்று போடும், அது சண்டைக்கு ஆளாகப் பத்து வருடத்துக்கு மேல் செல்லும். ஒரு போரில் இருநூறு பூதம் விழுந்தால் அந்த அரசு ஒரு தலைமுறைக்கு எழும்பாது. அப்படிப்பட்ட படையை எவனும் எடுத்த எடுப்பில் களத்தில் இறக்கமாட்டான்; எல்லையில் நிறுத்திக் காட்டிப் பயப்படுத்தியே திறை வாங்குவான். பகாசுரன் செய்ததும் அதுதானே. ஏகசக்கர ஊரை அவன் அழிக்கவில்லை. முறை வைத்து வீட்டுக்கு வீடு ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, கொண்டுவரும் ஆள். அது போர் இல்லை, வரி. பெண் பூதங்களும் குட்டிகளும் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், மாயாஜாலக் கதைகளில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

கேள்வி: கடைசியில் மனிதர்கள் வெல்ல வேண்டும், மந்திர வாளும் வேண்டாம். என்ன செய்யலாம்?
(வாசகி, கல்லடி)

பதில்: சண்டை பிடிக்காமல் விடலாம். 1803 இல் பிரித்தானியர் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. அரசனும் சனமும் விலகிப் போயிருந்தார்கள். பெரும் படை திரும்பிப் போக, விட்டுவைத்த காவற்படை காய்ச்சலிலும் தட்டுப்பாட்டிலும் உருக்குலைந்து, அதே வருடம் ஆனி மாதம் சரணடைந்தது. அந்தக் காலத்துப் போர்களில் ஆயுதத்தைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. அரக்கனுக்கும் வயிற்றோட்டம் வரும் தங்கச்சி. பத்தாயிரம் பேர் ஒரு மாதம் ஒரே இடத்தில் இருந்தால் மலகூடம் எங்கே வெட்டினார்கள் என்று கேளுங்கள்.

நான் எழுதினால் படையை மட்டக்களப்பு வாவிக்கரையில் கொண்டுபோய் விடுவேன். 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீர், வாயில் வைத்தால் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு எது எதென்று ஊர்ச்சனத்துக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் நெல்லை இரவோடிரவாகத் தோணியில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய்விட்டு, மாட்டைக் காட்டுக்குள் கலைத்துவிட்டு, கிணறுகளை மூடிவிட்டுப் போகிறார்கள். தோணிகளை எண்ணி, எந்த வீட்டு நெல் எதில் போனது என்று குறித்துவைக்கிற அந்த ஊர் வட்டவிதானையார், அதாவது வயல் வேலைகளை மேற்பார்க்கும் தலைவர்தான் உங்கள் கதாநாயகன். அவருக்கு வாளே வேண்டாம், ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். பழைய காலமென்றால் ஏடும் எழுத்தாணியும்.