கிளைக்குக் கிளை தாவியவரா கிருஷ்ணமூர்த்தி?

கேள்வி: இன்ஜினீயர், பொருளாதாரம் படித்தவர், அரசுச் செயலாளர், கல்வி நிறுவனத் தலைவர், கம்பெனி நிர்வாகி என்று ஒரே ஆள் எல்லா நாற்காலியிலும் உட்கார்வதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். எதிலும் ஊன்றி நிற்காமல் கிளைக்குக் கிளை தாவுகிறவர்கள்தானே இவர்கள்? அரசில் சேர்த்த செல்வாக்கைக் கம்பெனியில் காசாக்குகிறார்கள். இதில் என்ன பெருமை?

பதில்: இரண்டு குற்றச்சாட்டுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். இரண்டாவதில் நியாயம் உண்டு. முதலாவதை நான் ஏற்க மாட்டேன்.

மாருதி கார் நிறுவனத்தை ஆரம்பத்தில் நடத்திய வி. கிருஷ்ணமூர்த்தியையே எடுத்துக்கொள்வோம். 1925இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்தவர். மின் பொறியியலில் டிப்ளமோ. சென்னை மாகாண மின்துறையில் வேலை பார்த்துவிட்டு, 1954இல் திட்டக் கமிஷனில் மின் திட்டங்களைக் கவனிக்கப் போனார். 1960இல் போபால் ஹெவி எலக்ட்ரிகல்ஸ், அப்புறம் திருச்சி பாய்லர் ஆலை, 1972இல் மின் நிலைய எந்திரங்கள் செய்யும் அரசு நிறுவனமான ‘பெல்’லின் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) தலைவர், 1977இல் மத்திய கனரகத் தொழில் துறைச் செயலாளர். கணக்குப் போட்டுப் பாருங்கள். போபாலில் நுழைந்ததிலிருந்து டெல்லி செயலகத்துக்குப் போகும்வரை 17 வருஷம் ஒரே தொழில். இதையா தாவல் என்கிறீர்கள்?

பாய்லர் செய்கிறவருக்குப் பொருளாதாரம் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். அனல் மின் நிலையத்தில் நீராவி உண்டாக்கும் பாய்லருக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் வெல்டிங் வைத்து இணைத்திருப்பார்கள். ஒரே ஒரு இணைப்பு கசிந்தாலும் அந்த மின் உற்பத்தி யூனிட்டையே நிறுத்தி, ஆறவிட்டு, ஆள் உள்ளே போய்த்தான் சரி செய்ய வேண்டும். அதுவரை அந்த யூனிட்டிலிருந்து மின்சாரம் கிடையாது. அதனால்தான் முக்கியமான இணைப்புகளை மனிதனின் எலும்பைப் பார்ப்பதுபோல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். திருச்சி ஆலை இருக்கும் திருவெறும்பூரில், பட்டறையில் ஒரு வெல்டர் கவனம் பிசகினால், எங்கோ ஓர் ஊரில் மோட்டார் ஓடாமல் பயிர் காய்கிறது. தரத்துக்குச் செலவழிப்பதா, மிச்சம் பிடிப்பதா, அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்று யோசிக்கத் தொடங்கிய இன்ஜினீயர் ஏற்கெனவே பொருளாதாரத்துக்குள் வந்துவிட்டார். கிருஷ்ணமூர்த்தி அதை முறையாகவும் படித்தார். சோவியத் அறிவியல் அகாதமியில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர்.

இந்த இரண்டு அறிவும் ஒன்றாக வேலை செய்த இடம் மாருதி. 1981இல் அரசு நிறுவனமாகத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்கு அரை லட்சம் கார்கூட விற்காத காலம். ஒரே ஆலையில் ஒரு லட்சம் கார் என்று இலக்கு வைத்தார்கள். ஆணவமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் ஒரு காரின் அடக்கவிலை குறையும். உதிரிபாகம் செய்கிறவரும் நம்பி அச்சு, எந்திரம் வாங்கிப் போடுவார். 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி கார் நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் கார் சாவி கைமாறியது. பதினாலு மாதம்! அரசுத் துறையில் ஒரு கோப்பு மேசை மாறவே அவ்வளவு நாள் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த ஆலையின் கேன்டீன். நிர்வாக இயக்குநரிலிருந்து தொழிலாளி வரை ஒரே சீருடை, ஒரே கேன்டீன். ஜப்பானிய வழக்கம்தான். ஆனால் ஆபீசர் கிளப்பும் தனிச் சாப்பாட்டு அறையும் பழகிப்போன நம் நிர்வாகத்தில் அதைக் கொண்டுவர, பட்டறையையும் செயலகத்தையும் உள்ளிருந்து பார்த்த ஒருவர் வேண்டியிருந்தது.

அப்புறம் அரசின் இரும்பாலைகளை நடத்தும் உருக்கு ஆணையம் (செயில்), ஆமதாபாத்தில் உள்ள மேலாண்மைக் கல்லூரியான ஐஐஎம்மின் ஆட்சிக்குழு ஆகியவற்றின் தலைமை. 1991இல் திட்டக் கமிஷனுக்கே திரும்பினார், இந்த முறை உறுப்பினராக. 1954இல் மின் திட்டக் கோப்பு பார்த்த அதே இடம்.

சரி, உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒருவர் அரசிலிருந்து தொழிலுக்குப் போவதால் மட்டும் அவரைச் சந்தேகிக்க மாட்டேன். எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்ப்பேன். வேலை தெரிந்த கையோடு போகிறவர் வேறு. நேற்று வரை எந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தாரோ, எந்தக் கம்பெனிக்குக் கட்டணம் நிர்ணயித்தாரோ, அதன் வாசலிலேயே மறுநாள் ஆலோசகராகப் போய் நிற்பவர் வேறு. பின்னவர் விற்பது அரசில் தனக்குத் தெரிந்தவர்களின் தொலைபேசி எண்களை. அவர்மேல் உங்களுக்கு வருகிற கோபம் எனக்கும் வருகிறது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் உயர் அதிகாரி ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அரசின் முன்அனுமதி வேண்டும். முன்பு இந்தக் காலம் இரண்டு ஆண்டு; குறைத்துவிட்டார்கள். கூட்டியிருக்க வேண்டியதைக் குறைத்தது தவறு என்பது என் கருத்து. பெரிய ஒப்பந்தங்களும் கட்டண உத்தரவுகளும் பல ஆண்டு நடைமுறையில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் ஓராண்டில் விலக்கா? யாருக்கு, எந்தக் கம்பெனிக்கு, என்ன காரணம் சொல்லி அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் அவ்வப்போது பொதுவில் வெளியிட வேண்டும். இதைக் கேட்டு எழுதுங்கள், உங்கள் கடிதத்தை முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.