புது றவுட்டர் வாங்குவதற்கு முன்: வன்னியிலிருந்து வந்த இணையக் கேள்விகள்

வீட்டு இணையம் இழுபடுகிறது, வைஃபை நின்று நின்று வருகிறது என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா: எங்களுடையது 4ஜி றவுட்டர். பகலில் பரவாயில்லை. இரவு ஏழு மணிக்குப் பிறகு மகளின் ஸூம் வகுப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. கடையில் புது றவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா தம்பி?

இப்போதைக்கு வாங்க வேண்டாம் அக்கா. டவரிலிருந்து றவுட்டர் வரை ஒரு பாதை, றவுட்டரிலிருந்து மகளின் போன் வரை இன்னொரு பாதை. இரண்டில் எது பிழை என்று தெரியாமல் செலவழிக்கிற காசு அநேகமாக வீண்தான்.

லப்டொப் ஒன்றை லான் வயரால் (றவுட்டரையும் கணினியையும் இணைக்கிற வயர்) றவுட்டரில் நேரே கொழுவுங்கள். வீட்டிலுள்ள மற்றப் போன்களின் வைஃபையை நிறுத்திவிட்டு, விடியற்காலை ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் வேகத்தைச் சோதியுங்கள். வயரிலேயே காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால் அது டவர் நெரிசல். ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் இணைந்திருக்கிற எல்லாரும் பங்குபோடுகிறார்கள். வயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் இழுத்தால் பிழை வீட்டுக்குள்தான்.

டவர் பக்கம் பிழை என்றாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், பெரும்பாலான றவுட்டர்களில் ஆர்எஸ்ஆர்பி (RSRP), சினர் (SINR) என்று இரண்டு அளவுகள் தெரியும். முதலாவது சிக்னலின் பலம். -80க்குக் கிட்ட இருந்தால் மிக நல்லது, -110ஐத் தாண்டி -115, -120 என்று போனால் பலவீனம். இரண்டாவது சிக்னலின் தெளிவு. 20க்கு மேல் அருமை, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் வகுப்பு அறும். முன்பக்கத்தில் எரிகிற கோடுகளை மட்டும் நம்பாதீர்கள், அவை பலத்தைத்தான் காட்டும், தெளிவைக் காட்டாது.

இனி றவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடவுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடம் வைத்து இரண்டு இலக்கத்தையும் எழுதுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்த றவுட்டரை டவர் பார்த்த யன்னலுக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் வரும். தகரம் சிக்னலைத் திருப்பியடித்துவிடும். வளவு முழுக்க மா, பலா, தேக்கு நிற்கிற வீடுகளில் மழை நாளில் இன்னும் குறையும், ஏனென்றால் நனைந்த இலை சிக்னலை உறிஞ்சும். அப்படியான இடங்களில், றவுட்டரின் பின்பக்கத்தில் அன்ரெனா துளைகள் இருந்தால், கூரைக்கு மேலே உயர்த்திய வெளி அன்ரெனாவுக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே அக்கா, பிறகு எழுதியது: சாமி அறையில் -112, சினர் 1. விறாந்தை யன்னலில் -101, சினர் 9. யன்னலிலேயே விடவா?

விடுங்கள். வெயிலும் தூவானமும் படாமல் ஒரு பலகைத் தட்டு அடித்து வையுங்கள். வகுப்பு நேரத்தில் மற்றவர்கள் வீடியோ பார்க்காமல் இருந்தால் சரி. ஸூமுக்கு 3 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 3 மெகாபிட்) வேகம் போதும், ஆனால் அது அறாமல் வரவேண்டும்.

கிளிநொச்சி நகரிலிருந்து ஒரு தம்பி: பைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பொதி. போனில் 25க்கு மேல் வரவில்லை. கொம்பனி ஏமாற்றுகிறதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் போன் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இருக்கலாம். அது தூரம் போகும், ஆனால் மெதுவானது. நகரத்தில் பக்கத்து வீட்டு றவுட்டர்களும் அதே அலையில் மோதிக்கொள்கின்றன. றவுட்டருக்குக் கிட்ட இருக்கும்போது 5 கிகாஹேர்ட்ஸில் இணையுங்கள். 2.4ஐ விட முடியாவிட்டால், றவுட்டரின் வைஃபை அமைப்புக்குள் போய், அந்த அலையின் பிரிவுகளான சனல்களில் 1, 6, 11 மூன்றில் எது வெறுமையோ அதில் வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. இன்னொன்று: பதிவிறக்கும்போது திரையில் செக்கனுக்கு 12 எம்பி என்று காட்டினால் அது பைட் கணக்கு, பொதியின் எம்பிபிஎஸ் பிட் கணக்கு. ஒரு பைட் எட்டு பிட். எட்டால் பெருக்கினால் 96 எம்பிபிஎஸ்.

முள்ளியவளையிலிருந்து ஒரு ஐயா: பழைய செப்பு வயர் இணைப்பு. மழை பெய்தால் அறுந்து அறுந்து வருகிறது.

ஐயா, ரெலிபோனை எடுத்து ஏதாவது ஒரு இலக்கத்தை அழுத்துங்கள். டயல் சத்தம் நிற்கும். அந்த அமைதியில் கரகர என்று கேட்டால் வயரில் ஈரம் ஏறியிருக்கிறது. சுவரில் இருக்கிற சிறிய இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எறும்பு கூடு கட்டியிருக்கும், செப்புக் கம்பியின் முனை பச்சையாகப் பூத்திருக்கும். அதை வெட்டிவிட்டுப் புது முனை சீவிக் கொழுவினாலே பல வீடுகளில் சரியாகிறது. உள்ளே சுத்தமாக இருந்தால் பிழை வெளிக்கம்பத்து இணைப்பில். அதைக் கொம்பனிதான் திருத்த வேண்டும்.

செட்டிகுளத்திலிருந்து: வைஃபையைத் தூரத்துக்கு நீட்டுகிற எக்ஸ்டென்டர் போட்டேன், கோடு நிறைய எரிகிறது, வேகம் பாதியாகிவிட்டது.

ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புகிற எக்ஸ்டென்டர் பாதியைத் தின்றுவிடும். பின் அறை வரை லான் வயர் இழுத்து, பழைய றவுட்டர் ஒன்றை அங்கே அக்சஸ் பொயின்ற் ஆக, அதாவது வயரில் வருகிற இணையத்தை வைஃபையாகத் தருகிற பெட்டியாக வையுங்கள். அதுதான் மலிவும் நல்லதும்.

பூநகரியிலிருந்து: மின்னலுக்கு றவுட்டரை நிறுத்தினால் போதுமா?

போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், ரெலிபோன் வயரையும் வெளி அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். இடி கிட்டக் கேட்கத் தொடங்கிய பிறகு எதையும் தொடவேண்டாம், முன்கூட்டியே செய்யுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: எல்லாம் செய்து பார்த்தோம். கொம்பனிக்கு அழைத்தால் "றவுட்டரை நிறுத்திப் போடுங்கள்" என்பதோடு முடிக்கிறார்கள்.

ஒரு கிழமைக்கு வயரில் எடுத்த வேகம், நேரம், சிக்னல் இலக்கங்களை எழுதி வையுங்கள் தங்கச்சி. அழைக்கும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போனை வைக்கக்கூடாது. திருப்தியான பதில் வராவிட்டால் அந்த இலக்கத்தோடும் குறிப்புகளோடும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். வைஃபையில் எடுத்த அளவுகளைச் சேர்க்கவேண்டாம், வீட்டுச் சுவரைக் காரணம் காட்டித் தட்டிவிடுவார்கள்.